காவல் நிலையம் முதல் உயர் நீதிமன்றம் வரை: தருமபுரி, கிருஷ்ணகிரி மக்கள் அடிக்கடி கேட்கும் உரிமைக் கேள்விகள்

அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் நடக்கும் சட்ட விழிப்புணர்வு முகாம்களிலும், மனு எழுத உதவி கேட்டு வருபவர்களிடமும் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். எங்கே போவது, எத்தனை நாளுக்குள் போவது, எதைக் கையில் வைத்திருப்பது என்று தெரியாமல்தான் நம் பகுதியில் பலர் உரிமையை இழக்கிறார்கள் என்பது என் எண்ணம். பதில்களும் அதையொட்டியே அமைந்திருக்கின்றன.

1. அடிப்படை உரிமை, மனித உரிமைன்னு ரெண்டு விதமா சொல்றாங்களே, ரெண்டும் ஒண்ணுதானா?

பெரும்பகுதி ஒன்றே, முழுவதும் ஒன்றல்ல. 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் பகுதியில், 12 முதல் 35 வரையிலான உறுப்புகளில் இருப்பவை அடிப்படை உரிமைகள். இவற்றுக்கு முரணான சட்டம் அந்த முரண் உள்ள அளவுக்குச் செல்லாது என்று 13ஆவது உறுப்பு கூறுகிறது. மனித உரிமை என்பதற்கு 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் விளக்கம் தருகிறது: உயிர், சுதந்திரம், சமத்துவம், கண்ணியம் ஆகியவை தொடர்பாக அரசமைப்புச் சட்டம் உறுதியளித்த உரிமைகளும், பன்னாட்டு உடன்படிக்கைகளில் இடம்பெற்று இந்திய நீதிமன்றங்களால் நிறைவேற்றத்தக்க உரிமைகளும் அதில் அடங்கும்.

நடைமுறையில் வேறுபாடு ஒன்றுதான். அடிப்படை உரிமை மீறப்பட்டால் நேராக உயர் நீதிமன்றத்துக்கோ உச்ச நீதிமன்றத்துக்கோ போகலாம். அதே மீறலை அரசு ஊழியர் செய்திருந்தால் மனித உரிமை ஆணையத்திலும் புகார் தரலாம்.

2. ஓசூர்ல வேலை பாக்குற வடக்கத்திப் பசங்களுக்கும், முகாம்ல இருக்குற இலங்கைக்காரங்களுக்கும் இந்த உரிமை உண்டா?

உண்டு, ஆனால் எல்லாம் இல்லை. பேச்சு, கூட்டம், சங்கம், நாட்டின் எப்பகுதியிலும் குடியிருத்தல் போன்ற 19ஆவது உறுப்பின் உரிமைகள் குடிமக்களுக்கு மட்டுமே உரியவை. சட்டத்தின் முன் சமத்துவம் என்ற 14ஆவது உறுப்பும், உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் 21ஆவது உறுப்பும், கைதானவர்க்கான 22ஆவது உறுப்பும் 'எந்த நபருக்கும்' என்றே பேசுகின்றன. அருணாசலப் பிரதேசத்தில் இருந்த சக்மா அகதிகளை விரட்ட முயன்றபோது, குடிமக்கள் அல்லாதோரின் உயிரையும் காக்க மாநில அரசு கடமைப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. சிப்காட்டில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் இளைஞர்கள் குடிமக்களே. அவர்களுக்கு உங்களுக்குள்ள உரிமை எல்லாமே உண்டு. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருப்பவர்களுக்கு 19ஆவது உறுப்பு நீங்கலாகப் பெரும்பாலானவை பொருந்தும்.

3. 'சும்மா விசாரணைக்கு ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போ'ன்னு போன் பண்றாங்க. போயே ஆகணுமா?

சாட்சியாகவா, குற்றம் சாட்டப்பட்டவராகவா, யாராக அழைக்கிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179ஆவது பிரிவின்படி, சாட்சியாக விசாரிக்க விரும்பும் காவல் அதிகாரி எழுத்து மூலம் அழைக்க வேண்டும். பெண்கள், 15 வயதுக்குக் குறைந்த அல்லது 60 வயதைக் கடந்த ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரை அவர்கள் குடியிருக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும். அவர்களாக விரும்பினால் மட்டுமே நிலையத்துக்கு வரலாம்.

குற்றம் சாட்டப்பட்டவராக அழைப்பதென்றால், கைது தேவைப்படாத வழக்குகளில் 35ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவின்படி அறிவிப்பு தரப்பட வேண்டும். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் யோசனையின்றிக் கைது செய்யக் கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்ததன் தொடர்ச்சி இது. அந்த அறிவிப்பு வந்தால் கட்டாயம் போக வேண்டும். நீங்கள் போய் ஒத்துழைத்துக்கொண்டிருக்கும் வரை, காரணத்தைப் பதிவு செய்யாமல் கைது செய்ய இயலாது. போகாமல் இருந்துவிட்டால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். 'எழுத்தில் கொடுங்கள் ஐயா, வருகிறேன்' என்று பணிவாகக் கேட்பது குற்றமாகாது.

4. என் தம்பிய ராத்திரி கூட்டிட்டுப் போய்ட்டாங்க. எத்தனை நேரம் வெச்சிருக்கலாம்? எங்களுக்குச் சொல்லவே மாட்டாங்களா?

கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது 22ஆவது உறுப்பின் கட்டளை. ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் விடுமுறை என்ற சமாதானம் எடுபடாது. நடுவரின் வீட்டிலேயே ஆஜர்படுத்துவது வழக்கம். இந்த 24 மணி நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுவது என்பதில்தான் தகராறு வரும். இரவு 10 மணிக்கு வீட்டிலிருந்து அழைத்துச் சென்று, மறுநாள் மாலை ஏதோ ஒரு கூட்டு ரோட்டில் பிடித்ததாகக் காகிதத்தில் எழுதுவது புதிதல்ல. நடமாட்டம் தடுக்கப்பட்ட நேரத்திலிருந்தே காவல் தொடங்குகிறது என்று நீதிமன்றங்கள் பல வழக்குகளில் கூறியுள்ளன. அதை நிரூபிக்க உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

கைதுக் குறிப்பு என்னும் தாள் இங்கே முக்கியமானது. டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்து, இப்போது அந்தப் புதிய சட்டத்தின் 36ஆவது பிரிவில் இடம்பெற்றுள்ள நடைமுறையின்படி, கைது நடந்த இடத்திலேயே இது எழுதப்பட வேண்டும். குடும்பத்தினர் ஒருவரோ அவ்வட்டாரத்தின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்துப் போடச் சொன்னால் தேதியையும் நேரத்தையும் பார்த்த பிறகு போடுங்கள்; நேரம் எழுதும் கட்டம் காலியாக இருந்தால் நிரப்பச் சொல்லுங்கள், தவறாக இருந்தால் உங்கள் கையெழுத்தின் கீழே சரியான நேரத்தை நீங்களே எழுதுங்கள். குறிப்பே எழுதாமல் கொண்டு போய்விட்டால், அந்த இரவே மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலோ தந்தி போலச் சுருக்கமான விரைவுத் தபாலோ அனுப்பிவிடுங்கள். நாளைக்கு நேரத்தை நிரூபிக்கும் சான்று அதுவே.

உறவினரிடம் அல்லது நண்பரிடம் தகவல் சொல்வது 48ஆவது பிரிவின்படி காவல்துறையின் கடமை. கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையகத்திலும் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்று 37ஆவது பிரிவு கூறுகிறது. அந்தப் பலகையைக் கேட்டுப் பாருங்கள். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க உரிமை உண்டு, ஆனால் விசாரணை முழுவதும் அவர் உடன் அமர்ந்திருக்க முடியாது. பெண்ணைச் சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் கைது செய்வதென்றால் அது விதிவிலக்கான சூழ்நிலையாக இருக்க வேண்டும். பெண் அதிகாரி எழுத்து மூலம் கோரி நடுவரின் முன்னனுமதி பெற்றிருக்கவும் வேண்டும்.

5. எங்க வீட்ல பேசுறது கன்னடமும் தெலுங்கும்தான். கைதுக்கான காரணத்தைப் புரியற பாஷையில கேக்கலாமா?

தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் இது வெறும் ஏட்டுக் கேள்வியல்ல. கைதுக்கான காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்ற 22ஆவது உறுப்பின் பொருள், கைதானவர் அதைப் புரிந்துகொண்டு தம்மைத் தற்காத்துக்கொள்ள வேண்டும் என்பதே. புரியாத மொழியில் கட்டுக் கட்டாகத் தாள்களைக் கொடுத்துவிட்டு வாயால் விளக்கினோம் என்று சொன்னால் போதாது என்று ஹரிகிஷன் வழக்கில் 1962இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அது தடுப்புக்காவல் (விசாரணையின்றி முன்கூட்டியே அடைத்து வைப்பது) வழக்கு. சாதாரணக் கைதிலும் காரணத்தைப் புரியும் வகையில் தெரிவிப்பது கட்டாயம், தெரிவிக்காவிட்டால் கைதே சட்டவிரோதம் என்று விஹான் குமார் வழக்கில் 2025இல் அதே நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. நடுவர் முன் நிறுத்தும்போது, 'எதற்குப் பிடித்தார்கள் என்று எனக்குப் புரியும்படி சொல்லவில்லை' என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். அங்கே மௌனமாக இருந்துவிட்டுப் பிறகு சொல்வது எடுபடுவது கடினம்.

6. புகார் கொடுத்தா எஃப்ஐஆர் போடாம சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கொடுத்து அனுப்புறாங்க. என்ன பண்றது?

சிஎஸ்ஆர் ரசீது உங்கள் மனு வந்து சேர்ந்ததற்கான அத்தாட்சி மட்டுமே. அது வழக்குப் பதிவு ஆகாது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகாரில் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் அரசமைப்பு அமர்வு கூறியது. புதிய சட்டம் இதில் ஒரு விலக்கைச் சேர்த்திருக்கிறது: மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியுடன் 14 நாள்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். ஆகவே உங்கள் புகார் அந்த வகையில் வந்தால் பதினைந்தாம் நாளிலிருந்து கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எல்லை எங்களுடையதல்ல என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் முடியாது. எந்த நிலையத்திலும் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும்.

பதிய மறுத்தால் புகாரின் சாரத்தைக் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையேல் 175ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவின் கீழ், பிரமாணப் பத்திரத்துடன் நடுவரிடம் மனு செய்யலாம். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுப்பதைப் பலர் இதற்கு மாற்றாக நினைக்கிறார்கள். பட்டா, உதவித்தொகை, பாதை போன்றவற்றுக்கு அது நல்ல இடம். குற்ற வழக்கைப் பதிய வைக்க அது நேர்வழியல்ல, மனு சுற்றிச் சுற்றி மறுபடி அதே நிலையத்துக்குத்தான் வரும்.

7. மனித உரிமை கமிஷனுக்கு எழுதினா உண்மையிலேயே ஏதாவது நடக்குமா?

நடக்கும், எதற்கு எழுதுகிறோம் என்ற தெளிவு இருந்தால். தேசிய ஆணையம் 1993 அக்டோபரிலும், சென்னையில் இயங்கும் தமிழ்நாடு மாநில ஆணையம் 1997 ஏப்ரலிலும் அமைக்கப்பட்டன. புகாருக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டியதில்லை, தமிழிலேயே எழுதலாம். அரசு ஊழியர் உரிமையை மீறியிருக்க வேண்டும், அல்லது மீறலைத் தடுக்காமல் அலட்சியமாக இருந்திருக்க வேண்டும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையையும் வரப்புத் தகராறையும் எழுதினால் திரும்பி வரும். சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஆவது பிரிவின்படி ஆணையம் விசாரிக்க முடியாது. மாநில ஆணையத்தில் நிலுவையில் உள்ளதைத் தேசிய ஆணையம் எடுக்காது. எனவே இரண்டுக்கும் ஒரே மனுவை அனுப்பி வைப்பது பாதுகாப்பு அல்ல, குழப்பம்.

ஆணையம் பரிந்துரைதானே செய்யும், அதை அரசு குப்பையில் போட்டுவிடுமே என்ற சந்தேகம் நியாயமானது. பல ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. 2021 பிப்ரவரியில் அப்துல் சத்தார் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட முழு அமர்வு, 18ஆவது பிரிவின் கீழ் ஆணையம் செய்யும் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும், அதை நிறைவேற்ற வேண்டும், ஏற்காவிட்டால் உயர் நீதிமன்றத்தில் எதிர்த்து வாதாடலாமே தவிர ஒதுக்கி வைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் புகார்தாரர் கையில் உள்ள வலுவான தீர்ப்புகளில் ஒன்று இது. ஆயினும் ஆணையம் அவசர ஊர்தி அல்ல: ஒருவர் இப்போது சட்டவிரோதக் காவலில் இருக்கிறார் என்றால் முதலில் போக வேண்டிய இடம் நடுவரும் உயர் நீதிமன்றமும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'மனித உரிமைகள்' என்ற பெயரைப் பெரிய எழுத்தில் காரில் ஒட்டிக்கொண்டு, அடையாள அட்டைக்குப் பணம் வாங்கும் தனியார் அமைப்புகள் நம் ஊர்களில் ஏராளம். அவற்றுக்கு விசாரிக்கவோ அழைப்பாணை அனுப்பவோ எந்தச் சட்ட அதிகாரமும் கிடையாது.

8. தருமபுரி கோர்ட்லயே மனித உரிமை நீதிமன்றம் இருக்காமே?

1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆவது பிரிவு, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு அமர்வு நீதிமன்றத்தை மனித உரிமை நீதிமன்றமாக அறிவிக்க வழி செய்கிறது. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்டும் இருக்கிறது. ஆனால் 'மனித உரிமை மீறலால் எழும் குற்றங்கள்' எவை என்று சட்டம் பட்டியலிடாததால், அந்தப் பெயர் அளவுக்கு அதன் பயன்பாடு வளரவில்லை. குற்ற வழக்கென்றால் 6ஆம் கேள்வியில் சொன்ன வழியே பெரும்பாலும் உதவும்.

9. ஹைகோர்ட்டுக்கு எப்போ போகணும்? மதுரையா, சென்னையா? செலவுக்கு எங்க போறது?

தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சென்னை முதன்மை அமர்வின் எல்லைக்குள் வருபவை. மதுரைக் கிளைக்குப் போக வேண்டியதில்லை. 226ஆவது உறுப்பின் கீழ் ரிட் மனு தாக்கல் செய்யலாம். ஆளையே காணோம், காவலில் இருப்பதாகச் சந்தேகம் என்றால் ஆட்கொணர்வு மனு. அதிகாரி செய்ய வேண்டிய கடமையைச் செய்யாவிட்டால் அதைச் செய்யக் கட்டளையிடக் கோரும் மனு. சட்டத்துக்குப் புறம்பான உத்தரவென்றால் அதை ரத்து செய்யக் கோரும் மனு. உச்ச நீதிமன்றத்துக்கு நேராகப் போக 32ஆவது உறுப்பு உரிமை தருகிறது என்றாலும், உயர் நீதிமன்றத்தில் தீரக்கூடியதை அங்கே கொண்டு போனால் 'முதலில் அங்கே போங்கள்' என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும். உயர் நீதிமன்றமும், வேறு சட்ட வழி இருக்கும்போது அதை முயன்றீர்களா என்று கேட்கும். அதனால்தான் 6ஆம் கேள்வியின் தபால் ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் உள்ளோர் ஆகியோருக்கு இலவச வழக்கறிஞரை உறுதி செய்கிறது. வருமான வரம்பு மற்றவர்களுக்குத்தான். இந்தப் பட்டியலில் உள்ள ஒருவரிடம் வருமானச் சான்று கேட்டு அலையவிடக் கூடாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. தொலைபேசியில் கேட்க 15100.

10. வாச்சாத்திக்கு நியாயம் கிடைக்க முப்பது வருஷம் ஆச்சு. அப்புறம் இந்தச் சட்டமெல்லாம் எதுக்கு?

இந்தக் கேள்வியை அரூர்ப் பக்கம் யார் கேட்டாலும் அதற்கு எளிதான பதில் கிடையாது. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டைக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி, சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்திக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் நுழைந்தார்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் தாக்கப்பட்டார்கள்; வீடுகள் சூறையாடப்பட்டன; 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள்; பிறகு ஊர்க்காரர்கள்மீதே வழக்கும் போடப்பட்டது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்பதே அரசின் முதல் நிலைப்பாடு. மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் நீதிமன்றம் ஏறிய பிறகு, 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது.

குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். எஞ்சிய 215 பேரையும், அதாவது வனத்துறையினர் 126, காவல்துறையினர் 84, வருவாய்த்துறையினர் 5 பேரையும், தருமபுரி முதன்மை மாவட்ட அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அவர்களுள் 17 பேர் பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். மேல்முறையீட்டில், நீதிபதி ஊருக்கு நேரில் வந்து பார்த்த பிறகு, 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு, அதில் 5 லட்சத்தைப் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளிகளிடம் வசூலித்தல், அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை ஆகியவற்றுக்கும் உத்தரவிட்டது.

தாமதத்தை நான் நியாயப்படுத்தவில்லை. தண்டனையைப் பார்க்காமலே இறந்த ஊர்க்காரர்களும் உண்டு. ஆனால் அன்று இல்லாத சில கருவிகள் இன்று இருக்கின்றன. மனித உரிமை ஆணையங்களே 1993 முதல் வந்தவை. பாலியல் வன்கொடுமை வழக்கில் அரசு ஊழியர்மீது வழக்கு நடத்த அரசின் முன்னனுமதி தேவையில்லை என்று 2013இல் சட்டம் திருத்தப்பட்டது. பிற குற்றங்களில் முன்னனுமதி பற்றி 120 நாள்களுக்குள் முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும் என்று புதிய சட்டத்தின் 218ஆவது பிரிவு கூறுகிறது. காவலில் நேர்ந்த மரணத்துக்கு, தனி உரிமையியல் வழக்கு இல்லாமலேயே அரசு இழப்பீடு தர வேண்டும் என்பது 1993இல் நீலாபதி பெஹரா வழக்கில் உறுதியானது.

11. சூளையில முன்பணம் வாங்கிட்டோம். கணக்கு தீராம ஊருக்குப் போகக் கூடாதுங்கறாங்க. வாங்கின கடன்தானே, குடுத்துத்தானே ஆகணும்?

வேண்டியதில்லை. முன்பணத்துக்கு ஈடாக நடமாட்டத்தையோ, வேறு வேலைக்குப் போகும் உரிமையையோ, குறைந்தபட்சக் கூலியையோ பறித்தால் அது கொத்தடிமை முறை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கடனையே ஒழித்துவிட்டது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியைச் சேர்ந்தது. சங்கிலியும் பூட்டும் இருந்தால்தான் கொத்தடிமை என்று அதிகாரிகளே சிலர் நினைக்கிறார்கள். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாக வேலை வாங்குவதே 23ஆவது உறுப்பு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று, டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

செங்கல் சூளை, கல் குவாரி, கரும்பு வெட்டு எதுவானாலும் கோட்டாட்சியரிடமோ ஆட்சியரிடமோ மனு கொடுக்கலாம், உறவினரும் கொடுக்கலாம். மீட்கும்போது விடுதலைச் சான்று கேட்டு வாங்குவதை மறக்கக் கூடாது. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையிலும், அதன்பின் ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம் என்ற அளவிலும் உதவி உண்டு. சான்று இல்லாமல் ஊர் திரும்பியவர்கள் அடுத்த பருவத்தில் அதே சூளைக்குப் போவதைப் பார்க்கிறோம். வேலை செய்யும் இடம் கர்நாடகத்தில் இருந்தால் அந்த மாவட்ட நிர்வாகத்துக்கும் சேர்த்து எழுத வேண்டும்.

12. ரெண்டு பேரும் வேற வேற சாதி. வீட்டுக்குத் தெரிஞ்சா உயிருக்கே ஆபத்து. போலீஸ் பாதுகாப்பு கேட்டா கொடுப்பாங்களா?

2012 நவம்பரில், ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து, தலித் மக்கள் வாழும் நத்தம் காலனியும் அதை ஒட்டிய குடியிருப்புகளும் எரிக்கப்பட்டதை அறிந்த மாவட்டத்தில் இந்த அச்சம் மிகையல்ல. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருந்தால் துணையைத் தேர்ந்தெடுப்பது 19, 21ஆவது உறுப்புகள் தரும் உரிமை. குடும்பமோ சாதியோ ஊர்ப் பஞ்சாயத்தோ அதில் தலையிட முடியாது என்று சக்தி வாகினி வழக்கில் 2018 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் அடங்கிய சிறப்புப் பிரிவும், பாதுகாப்பு இல்லமும், 24 மணி நேர உதவித் தொடர்பும் இருக்க வேண்டும் என்றும் அது பணித்தது. கண்காணிப்பாளரிடமே எழுத்து மூலம் பாதுகாப்புக் கேளுங்கள்; வயதுச் சான்றை இணையுங்கள். உள்ளூர் நிலையத்தில் பெற்றோரை வரவழைத்துச் 'சமாதானம்' பேசி, பெண்ணை அவர்களோடு அனுப்பும் வழக்கம் இந்தத் தீர்ப்புக்கு எதிரானது.

வயது நிறையாதவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. 18 வயதுக்குக் குறைந்த பெண்ணின் 'சம்மதம்' சட்டத்தின் கண்ணில் சம்மதமே அல்ல. அங்கே பொருந்துவது 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும்.

13. குண்டாஸ்ல போட்டுட்டாங்க. 24 மணி நேரம்னு சொன்னீங்களே, அது என்ன ஆச்சு?

பொருந்தாது என்பதே கசப்பான உண்மை. தடுப்புக்காவலுக்கு அந்த விதியை 22ஆவது உறுப்பே விலக்கி வைத்திருக்கிறது. கள்ளச்சாராயம், போதைப்பொருள், வனக்குற்றம் முதலியவற்றில் ஈடுபடுவோருக்கான 1982ஆம் ஆண்டின் 14ஆவது தமிழ்நாட்டுச் சட்டப்படி (குண்டாஸ் என்பது இதுதான்), ஆட்சியரின் ஆணையின் பேரில் 12 மாதம் வரை விசாரணையின்றி அடைத்து வைக்க முடியும். மாற்றாகச் சில காலக்கெடுக்கள் உள்ளன: காரணங்களை 5 நாளுக்குள் தர வேண்டும், 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும், 3 வாரத்துக்குள், காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும், 7 வாரத்துக்குள் கழகம் அறிக்கை தர வேண்டும்.

ஆட்கொணர்வு மனுவில் இந்த ஆணைகள் ரத்தாவது பெரும்பாலும் இத்தகைய நடைமுறைத் தவறுகளால்தான்: கோரிக்கை மனுவைப் பரிசீலிப்பதில் தாமதம், படிக்க முடியாத நகல், 5ஆம் கேள்வியில் சொன்ன மொழிபெயர்ப்புக் குறை. ஆகவே சிறையில் தரப்பட்ட அந்தத் தாள் கட்டை ஒரு பக்கம்கூட விடாமல் வழக்கறிஞரிடம் சேர்த்துவிடுங்கள். தனிப்பட்ட அடிதடி என்பது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை மட்டுமே, அது பொது அமைதியைக் குலைக்கும் அளவுக்குப் போனதா என்ற வாதமும் வலுவானது.

14. சிப்காட்டுக்கு நிலம் எடுக்கறாங்க. சொத்துரிமை அடிப்படை உரிமை இல்லையா?

இல்லை, 1978இன் 44ஆவது திருத்தம் அதை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து எடுத்து 300அ உறுப்பில் வைத்தது. சட்டத்தின் அதிகாரமின்றி யாருடைய சொத்தையும் பறிக்க முடியாது என்பது அதன் வாசகம். இது வெறும் வாசகமல்ல. அறிவிப்பு, ஆட்சேபம் கேட்டல், காரணத்துடன் முடிவு, பொதுநோக்கம், நியாயமான இழப்பீடு, உரிய காலத்தில் நடத்துதல், முறையாக முடித்தல் என்று ஏழு உட்கூறுகள் அதில் உள்ளன என 2024இல் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

பலர் 2013ஆம் ஆண்டு மத்திய நிலம் கையகப்படுத்தும் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமூகத் தாக்க மதிப்பீடு எங்கே என்று கேட்கிறார்கள். தொழிற்பேட்டைகளுக்குத் தமிழ்நாட்டில் பயன்படுவது மாநிலத்தின் 1997ஆம் ஆண்டுச் சட்டம். 2019இல் அது மீட்டுயிர்க்கப்பட்டதைச் செல்லும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனவே அந்த வாதத்தில் காலத்தைக் கழிக்காமல், அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுப்பதும், கிணறு, மரம், வீடு ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிடச் செய்வதும் பயன் தரும். எரிவாயுக் குழாய்க்கு எடுப்பது வேறு வகை: 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், பயன்பாட்டு உரிமை மட்டும் போகும்.

15. நான் வேலை பாக்குறது தனியார் கம்பெனி. அவங்க மேல ரிட் போட முடியுமா?

பொதுவாக முடியாது, அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் 12ஆவது உறுப்பில் சொல்லப்பட்ட 'அரசு'க்கு எதிரானவை. ஆனால் தீண்டாமை ஒழிப்பு, கட்டாய உழைப்புத் தடை, ஆபத்தான தொழிலில் 14 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை அமர்த்தத் தடை ஆகியவை தனியாரையும் கட்டுப்படுத்தும். 2023இல் கௌஷல் கிஷோர் வழக்கில் ஐந்து நீதிபதிகளில் நால்வர், 19, 21ஆவது உறுப்புகளைத் தனியாருக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்றார்கள். இது எவ்வளவு தூரம் போகும் என்பது இனி வரும் வழக்குகளில்தான் தெளிவாகும். இதை நம்பி மட்டும் சம்பளப் பாக்கிக்கு உயர் நீதிமன்றம் போகாதீர்கள். தொழிலாளர் துறையே அதற்கு விரைவான வழி. பாலியல் தொல்லை என்றால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும்.

16. தண்ணியில ஃபுளோரைடு. பிள்ளைங்க பல்லெல்லாம் கறை. இதுவும் உரிமை மீறலா?

தூய்மையான நீரும் காற்றும் 21ஆவது உறுப்பின் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஜப்பான் நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்த ஃபுளோரைடு பாதிப்பைத் தணிக்கத்தான். உங்கள் தெருவுக்குக் காவிரி நீர் வராமல் ஆழ்துளைக் கிணற்று நீரே வருகிறதென்றால், முதலில் நீரைப் பரிசோதித்து அறிக்கை வாங்குங்கள், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பைத் தாண்டியிருந்தால் அந்த அறிக்கையுடன் உள்ளாட்சிக்கும் ஆட்சியருக்கும் மனு கொடுங்கள். திங்கட்கிழமை மனு உண்மையிலேயே பயன்படும் இடம் இது.

17. எமர்ஜென்சி வந்தா எல்லாம் போயிடுமாமே?

1976இல் அப்படி நடந்தது. நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவே செல்லாது என்று ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 44ஆவது திருத்தத்துக்குப் பின் 20, 21ஆவது உறுப்புகளை நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்க முடியாது. அந்தப் பழைய தீர்ப்பையும் 2017இல் அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு வெளிப்படையாகவே ரத்து செய்துவிட்டது. அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் திருத்தி அழிக்க முடியாது என்பது 1973 முதல் இருக்கும் நிலை.

18. இதையெல்லாம் கேட்டா பின்னாடி பொய்க் கேஸ் போட மாட்டாங்களா?

போடக்கூடும். அப்படி நடக்காது என்று யாரும் உறுதி தர முடியாது. அதனால் புகார் கொடுக்கும் முன்பே சில ஏற்பாடுகளைச் செய்துகொள்வது நல்லது. ஒருவர் தனியாகப் போகாமல் ஊரார் சிலருடன் போவது, எதையும் எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குவது, மிரட்டல் வந்தால் அன்றே அதைத் தனி மனுவாகக் கண்காணிப்பாளருக்கு அனுப்புவது ஆகியவை பிறகு முன்ஜாமீன் கேட்கும்போதும், வழக்கை ரத்து செய்யக் கோரும்போதும் பெரிதும் கைகொடுக்கும். சாட்சிகளுக்கு ஆபத்தென்றால், 2018ஆம் ஆண்டுச் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்படி மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ பிரிவு தனிப் பாதுகாப்புத் தருகிறது. உயிரோ சுதந்திரமோ சார்ந்த தகவலைத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். விண்ணப்பத்தின் தலைப்பிலேயே அப்படிக் குறிப்பிடுங்கள்.

நிலையத்துக்குள் அடித்தார்கள் என்பது குற்றச்சாட்டானால், கேமரா பதிவை உடனே கேட்க வேண்டும். 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் நுழைவாயில், லாக்கப், நடைவழி உட்பட எங்கும் ஒலியுடன் கூடிய கேமரா இருக்க வேண்டும், பதிவுகளை 18 மாதம் சேமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கேமரா பழுது என்ற பதிலைத் தவிர்க்க, சம்பவத் தேதியையும் நேரத்தையும் குறித்து, அந்தப் பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படி கண்காணிப்பாளருக்கு அன்றே எழுதி, அதன் நகலை 7ஆம் கேள்வியில் சொன்ன மாநில ஆணையத்துக்கும் அனுப்பிவிடுங்கள். பதிவை வரவழைக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு.